பவளத்தைத் தின்னும் புழுவுக்குப் பெயர் கிடைத்த கதை

கொஞ்ச நாளாக ஒரு தேதி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 2011. அந்த வருஷம்தான் ஒரு சின்னக் கடல் புழுவுக்கு முறைப்படி அறிவியல் பெயர் வைத்தார்கள். ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே அந்தப் புழு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பவளம் வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் அதற்கு ஒரு செல்லப்பெயர், ஒரு மருந்துப் பட்டியல், அதைக் கண்டுபிடிக்கும் வழி எல்லாம் வைத்திருந்தார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். வாடிக்கையாளர் பத்து வருஷமாகப் புகார் சொல்லும் ஒரு பிழைக்கு இப்போதுதான் டிக்கெட் எண் விழுந்திருக்கிறது என்றால் எங்களுக்குக் கை அரிக்கும். ஏன் இவ்வளவு தாமதம்? அப்படித் தோண்ட ஆரம்பித்து 1760 வரை போய்விட்டேன்.

முதலில், இந்தப் பக்கம் வராதவர்களுக்காக. ரீஃப் அக்வேரியம் என்பது தங்கமீன் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், அதில் கடலில் இருப்பதுபோலக் கால்சியம், கடல் நீரோட்டத்துக்கு மோட்டார், வெயிலுக்கு விளக்கு என்று ஒரு பவளப்பாறையின் துண்டை வீட்டுக்குள் ஓட்டுவது. உள்ளே இருக்கும் பவளம் உயிருள்ள விலங்கு. நம் ஊரில் அதற்குப் பவளப்பூச்சி என்றே பெயர். வயிற்றில் இருக்கும் புழுவையும் நாம் பூச்சி என்கிறோம், குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோம். பவளத்தைத் தின்ன வருவதும் பூச்சி, பவளமும் பூச்சி. தமிழில் இந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் கதை முழுக்கவே, எது காப்பாற்ற வேண்டிய பூச்சி, எது ஒழிக்க வேண்டிய பூச்சி என்று தெரியாமல் மனிதர்கள் தடவிக்கொண்டிருந்ததுதான்.

1741ல் பெர்லினில் பிறந்தவர் பீட்டர் சைமன் பல்லாஸ். 1760ல், பத்தொன்பது வயதில், ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வின் பொருள் குடற்புழுக்கள். லத்தீன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'உயிர்களுக்குள் வாழ்ந்து தொல்லை செய்யும் உயிர்கள்' என்று வரும். பின்னால் ரஷ்ய அரசி கேத்தரின் அழைத்து, பீட்டர்ஸ்பர்க் போய், சைபீரியா முழுக்கச் சுற்றிப் பெரிய ஆளானார் என்பது தனிக்கதை. நமக்கு வேண்டியது 1766. அந்த ஒரே வருஷத்தில் ஹேக் நகரத்தில் அவருடைய இரண்டு புத்தகங்கள் வெளியாயின. ஒன்று பவளம் முதலான 'செடி விலங்கு'களின் பட்டியல். இன்றைக்கும் போரைட்டஸ் போரைட்டஸ், பெக்டினியா லேக்டுகா என்று பவளங்களின் பெயருக்குப் பின்னால் 'பல்லாஸ், 1766' என்று போடுவது இந்தப் புத்தகத்தால்தான். இன்னொன்று பலதும் கலந்த விலங்கியல் குறிப்புகள். அதில் கடல் புழுக்கள் சில. இன்று ஹெர்மோடைஸ் கரன்குலேட்டா, யூரிதோயி காம்ப்ளனேட்டா என்று அழைக்கப்படும் இரண்டு தீப்புழுக்களும் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவைதான். முள்முடிகளைத் தொட்டால் தீ சுட்டதுபோல எரியும், அதனால் தீப்புழு.

அதோடு விடவில்லை. 1788ல் பீட்டர்ஸ்பர்க் அகாதமியின் இதழில் இன்னொரு புழுவை வர்ணித்தார். மாதிரி கிடைத்த இடம் இலங்கை. அப்போது அதன் கரையோரம் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. இன்று அதன் பெயர் யூனிஸ் அஃப்ரோடிட்டோயிஸ். ஊர்ப்பெயர் பாபிட் புழு.

ஆக, ஒரே ஆள் இருபத்தைந்து வயதுக்குள் பவளத்துக்கும் பெயர் வைத்தார், அதன் பக்கத்தில் ஊரும் தீப்புழுவுக்கும் பெயர் வைத்தார். நாற்பத்தேழு வயதில் பாபிட் புழுவுக்கும் வைத்தார். ஆனால் அவர் பார்த்தது எல்லாம் சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருந்த மாதிரிகளை. எது எதைத் தின்கிறது என்று அலமாரி சொல்லாது. அதைப் பார்க்கப் பவளத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

உயிரோடு வைத்திருக்கும் வேலையை 1846ல் லண்டனில் ஆனா தைன் என்ற பெண்மணி தொடங்கினார். டார்க்கி கடற்கரையிலிருந்து கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டும் என்பதற்காக, திறந்த ஜன்னல் ஓரம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார்கள். டீக்கடையில் ஆற்றுவதுபோலத்தான். அந்த வேலை அவர் வீட்டுப் பணிப்பெண் தலையில் விழுந்தது. இந்த மாதிரி வரலாறுகளில் பணிப்பெண்ணின் பெயர் வரவே வராது. அவருடைய குறிப்புகள் 1859ல் அச்சாயின. ஆனால் அது குளிர்க் கடலின் ஒற்றைப் பவளம். வெப்பக் கடல் பாறையை வீட்டில் வைக்க இன்னும் நூறு வருஷம் ஆனது.

அந்தத் திருப்பம் நடந்தது ஜகார்த்தாவில். லீ சின் எங் என்பவர் 1961ல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். அதற்கு 'இயற்கையின் முறை' என்று பெயர் வைத்தார். சூட்சுமம் ரொம்ப எளிது. தொட்டியைச் சுத்தமாக வைக்காதே. கடலிலிருந்து உயிருள்ள பாறையை, அதில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றோடும் எடுத்துவந்து போடு. கடல் தண்ணீர் ஊற்று. சின்னதாகக் காற்றுக் குமிழி விடு. மிச்சத்தைப் பாறையில் இருக்கும் உயிர்கள் பார்த்துக்கொள்ளும். லைவ் ராக் என்று இன்று சொல்கிறார்களே, அதன் ஆரம்பம் இதுதான். அதுவரை கடல்மீன் தொட்டி என்றால் வெளுத்த பவள எலும்பு, அதைக் கழுவ ப்ளீச்சிங் பவுடர் என்றிருந்தது. லீயின் முறை மெதுவாகப் பரவி, 1980களில் ஜெர்மனியில் மேம்பட்டு, அமெரிக்காவுக்குப் போனது.

புழுவின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பாறையின் ஓட்டைகளில் என்ன இருக்கிறது என்று யாரும் எண்ணி வாங்குவதில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமல் ஒரு பெரிய லைப்ரரியை அப்படியே இறக்கிக்கொள்வது. தொண்ணூறு சதவீதம் நல்லது. பத்து சதவீதம் என்னவென்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் தெரியும்.

ராத்திரியில் முதலில் தெரிந்தது முள்முடிப் புழுக்கள். இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை முடிக்கொத்து, விரல் நீளம். ஒரு மீன் செத்துக் கிடந்தால் அதன் மேல் இருபது புழுக்கள். காலையில் பார்த்தவர், புழுதான் மீனைக் கொன்றது என்று முடிவு கட்டினார். சாவு வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவனைக் கொலைகாரன் என்று பிடிப்பதுபோல. இந்த முடிவுக்கு ஒரு அறிவியல் ஆதரவும் தற்செயலாகக் கிடைத்தது. 1962ல் மார்ஸ்டன் என்ற ஆய்வாளர், கரீபியன் கடலில் ஒரு முள்முடிப் புழு பவளத்தைத் தின்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். அது உண்மை. அந்தப் புழு ஹெர்மோடைஸ். கிளைப்பவளத்தின் நுனியை வாய்க்குள் வாங்கி, சதையை உறிஞ்சிவிட்டு வெள்ளை எலும்பை விட்டுப்போகும். ஆனால் தொட்டிகளில் பெரும்பாலும் இருந்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரன் யூரிதோயியும் அதைப் போன்றவையும். அவை மிச்சம்மீதியைத் தின்று, மணலைக் கிளறி, அழுகலைத் தடுப்பவை. துப்புரவுப் பணியாளர்கள். அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியை உள்ளே தள்ளினார்கள்.

பல வருஷங்கள் இந்த வேட்டை நடந்தது. புழுப் பொறி என்று பிளாஸ்டிக் குழாய் விற்றார்கள். அம்பு நண்டை வாங்கிப் போட்டார்கள். இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள், புழு பாதியில் அறுந்தது. யூரிதோயியின் இனப்பெருக்க வழிகளில் ஒன்றே உடம்பு துண்டாகி ஒவ்வொரு துண்டும் முழுப்புழுவாக வளர்வது. அதாவது, வெட்டுவது அதற்குச் செய்யும் உதவி. இந்த அபத்தத்தைப் பொது வாசகர்களுக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் ரொனால்ட் ஷிமெக். முதுகெலும்பற்ற உயிர்களைப் படித்த விலங்கியலாளர். 1990களின் பிற்பகுதியிலிருந்து அக்வேரியப் பத்திரிகைகளில் சலிக்காமல் எழுதினார்: இவை உங்கள் எதிரி இல்லை, இவற்றின் எண்ணிக்கை கூடினால் நீங்கள் அதிகமாகத் தீனி போடுகிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. புழு எண்ணிக்கை ஒரு நோய் இல்லை, ஒரு மீட்டர்.

ஆனால் பெயர் விஷயம் அதோடு தெளிந்துவிடவில்லை. எல்லாக் கடலிலும் இருக்கும் ஒரே இனம் என்று பல்லாஸ் காலத்திலிருந்து நம்பிவந்த யூரிதோயி காம்ப்ளனேட்டா, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குறைந்தது மூன்று இனங்கள் என்று 2010ல் மரபணு ஆய்வு காட்டியது.

அடையாளம் காண விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையைப் பார்க்க வேண்டும். ஹெர்மோடைஸின் தலைக்கு மேல் மடிப்பு மடிப்பாக ஒரு சதைக் கொண்டை இருக்கும், பக்கங்களில் சிவந்த புதர் போன்ற செவுள்கள். தலையில் நன்றாகத் தெரியும் ஐந்து உணர்கொம்புகள், எண்ணெய் பட்ட தண்ணீர்போல வானவில் மினுக்கும் உடம்பு, வாயில் கத்தரிக்கோல் தாடை என்றால் அது யூனிஸ் குடும்பம். அதற்கு மட்டும் கொஞ்சம் பயப்படலாம்.

அந்தப் பயத்துக்கு முகம் கொடுத்தது 2009ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், நியூகீ ஊரில் இருக்கும் பொது அக்வேரியம். மாதக்கணக்கில் ஏதோ ஒன்று பவளத்தைக் கத்தரித்தது, மீன்களைக் காயப்படுத்தியது. பொறி வைத்தால் ராத்திரியோடு பொறி சிதைந்தது. கடைசியில் ஒவ்வொரு பாறையாகப் பிரித்து வெளியே எடுத்தார்கள். நான்கு அடி நீளப் பாபிட் புழு வந்தது. பாறையோடு சின்னதாக வந்து உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும். அதைக் கொல்லவில்லை. பேரி என்று பெயர் வைத்துத் தனித் தொட்டியில் பார்வைக்கு வைத்தார்கள். அதே வருஷம் ஜனவரியில் ஜப்பானின் ஷிரஹாமாவில் ஒரு மீன்பிடித் துறைமுகத்து மிதவைக்குள் கிடைத்தது இன்னும் பெரியது: 299 செ.மீ. நீளம், 433 கிராம் எடை, 673 வளையங்கள். தைவானில் சுமார் 2 கோடி வருஷம் பழைய கடற்படிவங்களில் இரண்டு மீட்டர் நீள வளைகளைக் கண்டு, அவை இந்த மாதிரிப் புழுவின் வேட்டைக் குழிகள் என்று 2021ல் எழுதினார்கள். பாபிட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1993ல் அமெரிக்காவை உலுக்கிய ஒரு கணவன் மனைவி வழக்கு; அந்தத் தாடையைப் பார்த்துவிட்டு 1996ல் டெரன்ஸ் காஸ்லினர் தன் பவளப்பாறை உயிரினப் புத்தகத்துக்காக இட்ட பெயர். பெண் புழு ஆணின் உறுப்பை வெட்டும் என்று இன்றும் சுற்றும் கதை பொய். இவை முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுபவை. வெட்ட அங்கே ஒன்றும் இல்லை.

இவ்வளவு பெரிய உருவத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் பாபிட் புழுவைத்தான் முதல் எதிரி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது ஒரு தொட்டிக்கு ஒன்று. கண்டுபிடித்தால் பாறையோடு தூக்கி வெளியே வைத்துவிடலாம். உண்மையான சேதம் செய்தது ஒரு விரல் நகம் அளவுகூடத் தேறாத, காகிதம்போல மெலிந்த தட்டைப்புழு.

அதற்கு முன் ஒரு சின்ன ஒத்திகை நடந்தது. துருப்பிடித்த நிறத்தில், பின்பக்கம் மூன்று வால் நுனியோடு, தொட்டியின் கண்ணாடியில் ஆயிரக்கணக்கில் அப்பிக்கொள்ளும் பூச்சிகள். வளர்ப்பவர்கள் 'சிவப்புப் பிளனேரியா' என்றார்கள். பவளத்தை இவை தின்பதில்லை. மேலே போர்வைபோல உட்கார்ந்து வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். இவற்றில் கன்வல்யூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்ற இனத்தை 1988ல் இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் வர்ணித்தார்கள். மாதிரி கிடைத்தது கடலில் இல்லை, அக்வேரியத்தில். இதன் குட்டி தாயின் பின்பக்கத்தில் தலைகீழாக முளைக்கும். 2007ல் வர்ணித்த மேக்ரோபைகா என்ற இனமும் தொட்டியில் கண்டுபிடித்ததுதான். கடலில் தேடாமலே, வரவேற்பறைக் கண்ணாடியில் புதுப்புது இனங்கள் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1999லேயே இந்தக் கூட்டம் தட்டைப்புழுவே இல்லை, விலங்கு மரத்தில் வேறு கிளை என்று மரபணு ஆய்வு சொல்லிவிட்டது. கடைகளில் விற்கும் மருந்துப் புட்டியில் இன்னும் தட்டைப்புழு என்றுதான் இருக்கிறது.

இவற்றைக் கொல்வது எளிது, அதுதான் ஆபத்து. ஒரேயடியாக மருந்து ஊற்றினால் செத்த புழுக்களிலிருந்து வெளியாகும் நச்சு மீனையும் சேர்த்துக் கொல்லும். அதனால் முதலில் குழாய் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு மருந்து. உடனே கரி வடிகட்டி, தண்ணீர் மாற்றல். நீல வெல்வெட் போன்ற கெலிடோனூரா என்ற கடல் நத்தை இதை மட்டுமே தின்னும். வேலை முடிந்ததும் பட்டினியில் செத்துப்போகும். அந்த நத்தையை வாங்கிப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது 2011க்கு வருவோம். அக்ரோபோரா என்பது மான்கொம்பு போலக் கிளைக்கும் பவள வகை. தொட்டி வளர்ப்பில் அதுதான் கிரீடம். 2000களின் தொடக்கத்தில் இந்தப் பவளங்கள் காரணம் தெரியாமல் வெளிற ஆரம்பித்தன. தண்ணீர் சரி, விளக்கு சரி, கால்சியம் சரி. நிறம் மங்கி, கிளையின் அடிப்பக்கத்தில் சின்னச்சின்ன வட்ட வெள்ளைப் புள்ளிகள் விழுந்து, கொஞ்ச நாளில் கூடு மட்டும் மிஞ்சும். யாரோ ஒருவர் பவளத்தை வாளியில் வைத்து அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தபோதுதான் மெல்லிய தோல்துண்டு மாதிரி புழுக்கள் உதிர்ந்திருக்கின்றன. அதுவரை நேருக்கு நேர் பார்த்தும் தெரியவில்லை. காரணம் பின்னால் புரிந்தது: புழுவின் உடம்பு கண்ணாடி, உள்ளே தெரிவது அது தின்ற பவளத்தின் சதையும் அதில் இருந்த பாசியும். எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அந்த நிறம். இதைவிட நல்ல மாறுவேஷம் கிடையாது.

அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு என்று அவர்களே பெயர் வைத்தார்கள். 2008ல் கலிஃபோர்னியாவின் பர்ச் அக்வேரியத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ நோஸ்ரத்பூர், பொது அக்வேரியங்களின் பவள வளர்ப்புத் தொகுப்பு ஒன்றில் தன் கவனிப்புகளை எழுதினார். 2011ல் கேட் ராலின்சன் தலைமையில் நால்வர் அமெரிக்காவின் பல தொட்டிகளிலிருந்து புழுக்களைச் சேர்த்து, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, எல்லாம் ஒரே இனம்தான் என்று நிறுவினார்கள். அப்போது இட்ட பெயர் அமகுசாபிளானா அக்ரோபோரே. பேரினப் பெயர் 1938ல் கட்டோ என்ற ஜப்பானியர் வேறொரு புழுவுக்காக அமகுசா என்ற ஊரை வைத்து உண்டாக்கியது. நால்வரில் ஒருவர் எரிக் போர்ன்மன். 2001ல் அக்வேரியப் பவளங்கள் பற்றிப் புத்தகம் எழுதி, வளர்ப்பவர்கள் நடுவில் பெயர் பெற்றவர். புகார் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்தே ஒருவர் விசாரணைக் குழுவில் உட்கார்ந்ததாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் இன்னும் யாரும் அந்தப் புழுவைக் கடலில் பார்த்ததில்லை! ஒரு விலங்கு, அதற்கு முழு லத்தீன் பெயர், ஆனால் அதன் தெரிந்த ஒரே வாழிடம் மனிதர்களின் கண்ணாடித் தொட்டி.

2012ல் ராலின்சனும் ஸ்டெல்லாவும் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டுரையில் இருக்கும் இரண்டு எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சேகரித்த 10 அக்ரோபோரா கூட்டங்களில் 7ல் புழு இருந்தது. சராசரியாக ஒரு கூட்டத்துக்கு 2.6 புழு. குடலில் பவளத்தின் பாசி இருந்ததால், கடலிலும் இது பவளம் தின்னிதான் என்பதில் சந்தேகம் இல்லை.

பத்தில் ஏழு என்றால் அரிய உயிர் கிடையாது. தேடிப் பார்க்காததால்தான் தெரியவில்லை. கூட்டத்துக்கு இரண்டு மூன்று என்றால், பவளம் அதைத் தாங்கிக்கொள்கிறது. தொட்டியில் அதே புழு கிளை கிளையாக நிறைந்து பவளத்தை மொத்தமாகக் கொல்கிறது. புழு மாறவில்லை. அதை இரண்டு மூன்றோடு நிறுத்திவைக்கும் யாரோ தொட்டியில் இல்லை. தொல்லைப் பூச்சி என்பது ஒரு இனத்தின் பெயர் அல்ல, ஒரு எண்ணிக்கையின் பெயர் என்று எனக்குத் தோன்றியது இந்த 2.6ஐப் பார்த்தபோதுதான். முள்முடிப் புழு விஷயத்தில் ஷிமெக் சொன்னதும் வேறு வழியில் இதேதான்.

பெயர் கிடைத்ததால் என்ன லாபம் என்று கேட்கலாம். நிறைய. ஒரே இனம் என்று உறுதியான பிறகுதான் அதன் வாழ்க்கைச் சுழற்சியை யாராவது அளக்க முடியும். ஒருவர் தொட்டியில் அளந்தது இன்னொருவர் தொட்டிக்கும் செல்லும். புழு முட்டையைப் பவளத்தின் உயிருள்ள சதையில் இடுவதில்லை, பக்கத்தில் செத்துப்போன எலும்பில் பழுப்புத் தகடாக ஒட்டிவைக்கிறது. ஒரு முட்டை உறைக்குள் பல கருக்கள். வளர்ப்பவர்கள் பயன்படுத்திய மருந்துக் குளியல்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் குடற்புழு மருந்தான லெவாமிசோல் உட்பட, புழுவை மயக்கி உதிர வைக்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களின் பவளம் அடுத்த மாதம் மறுபடி வெளுத்தது இதனால்தான். 2019ல் ஆஸ்திரேலியாவின் ஜொனதன் பார்டன் குழு, தண்ணீரின் வெப்பம் மாறினால் முட்டை பொரியும் நாட்களும் மாறுகின்றன என்று அளந்து காட்டியது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக, சூட்டில் வேகமாக. எத்தனை நாள் இடைவெளியில் மறுகுளியல் என்பது ஆளுக்கொரு நம்பிக்கையாக இருந்தது போய், உங்கள் தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமாகிவிட்டது. அடுத்த வருஷம் அதே குழுவினர் ஆறுகோட்டு மீனையும் ஒரு வகைச் சின்ன இறாலையும் சோதித்தார்கள். இரண்டையும் காவலுக்கு வைத்துப் புழுவைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். அதாவது, கடலில் இருந்த யாரோ ஒருவரை மறுபடி வேலைக்கு எடுப்பது.

நடைமுறையில் இதன் சுருக்கம், வாசலிலேயே நிறுத்துவது. புதுப் பவளத்தைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, குளிப்பாட்டி, செத்த அடிப்பகுதியை வெட்டி எறிந்து, முட்டைத் தகடு தெரிந்தால் கத்தியால் சுரண்டி, மறுபடி குளிப்பாட்டிப் பிறகு உள்ளே விடுவது. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டால் அக்ரோபோரா எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். சாப்பாடு இல்லாத தொட்டியில் பொரிந்த குஞ்சுகள் பட்டினியில் முடியும். இது வெறும் பணக்காரர்களின் வரவேற்பறைப் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்துக்கொண்டிருக்கும் பவளப்பாறைகளில் திரும்ப நடுவதற்கு இன்று அக்ரோபோராவைத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் இந்தப் புழு நுழைந்தால் நாற்றங்காலில் நோய் புகுந்த மாதிரி.

நம் ஊருக்கு வந்தால், கல் பவளங்கள் அனைத்தும் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. அதனால் இதையெல்லாம் நான் வீட்டில் செய்து பார்க்கும் எண்ணம் இல்லை, நீங்களும் மன்னார் வளைகுடாவில் பாறை பொறுக்கப் போய்விடாதீர்கள். ஆனால் புழுக்களைப் படிக்க நமக்கு நல்ல மரபு இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கிரேவ்லி, பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றி 1927ல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோவெல் சென்னை அருங்காட்சியகத்தின் புழுக்களை 1930ல் பட்டியலிட்டார். 1953ல் இந்திய விலங்குத் தொகுதி வரிசையில் முழுப் புத்தகமே எழுதினார். அதில் யூரிதோயி காம்ப்ளனேட்டாவும் இருக்கிறது, யூனிஸ் அஃப்ரோடிட்டோயிஸும் இருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் பல்லாஸின் பெயர்.

நீர் வற்றும் நேரத்தில் அந்தக் கரையில் கல்லைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அந்த வெள்ளை முடி பஞ்சுபோலத்தான் தெரியும், வெறுங்கையால் தொடாதீர்கள். 2008ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புழுவிலிருந்து வீக்கம் உண்டாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, புழுவின் பெயரையே வைத்து காம்ப்ளனைன் என்றார்கள். முள் ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை மேலே அழுத்தி உரித்தெடுங்கள். கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.